முதல் பந்தி

மண்டப வாசலில் நின்ற பட்டுவேட்டிக்காரர் பன்னீர் தெளித்த வேகத்தில் இளங்கோவனின் கண்ணாடி நனைந்துவிட்டது. "வாங்க வாங்க, ஏன் இவ்ளோ லேட்டு? முகூர்த்தமே முடிஞ்சுபோச்சு" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டார்.

பெண் வீடு என்று சொல்வதற்குள் இளங்கோவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பெண்ணையும் தெரியாது, மாப்பிள்ளையையும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக, அழைக்காத கல்யாணத்தில் சாப்பிட வந்திருந்தார்.

சோற்றுக்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை. லோத்குண்டாவில் சொந்த வீடு, மத்திய அரசில் நிரந்தர வேலை. எதிரில் இருப்பவர் மீசையைத் தடவினால்கூடப் பேச்சு நின்றுவிடும், அதுதான் அவருடைய வியாதி.

மகள் பிந்து, கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பெண்ணின் அப்பா வந்து முறையாகக் கேட்டால் யோசிக்கலாம் என்று பையன் வீட்டில் சொல்லியிருந்தார்கள். பையனின் அப்பா ராணுவத்தில் ஓய்வுபெற்ற சுபேதார், மீசையும் அதற்கேற்ற அளவு. இளங்கோவன் முதல்முறை போனபோது அவர் வீட்டு ரோஜாச் செடியைப் பாராட்டிவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை, அதற்கு என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"நக்கோப்பா, இனி வேணாம், உங்களை நம்பினா எனக்குக் கல்யாணம் ஆகாது, கார்டனிங்தான் ஆகும்" என்று சொல்லி, பிந்து அவரை மாரெட்பள்ளியில் ஒரு தன்னம்பிக்கை வகுப்பில் சேர்த்துவிட்டாள். நாளைக்கு சுபேதார் குடும்பம் வேறு ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறது. இன்று மாலை பேசினால் உண்டு, இல்லாவிட்டால் பிந்துவின் ஆசை அவ்வளவுதான்.

வகுப்பு நடத்தும் ரஞ்சனா மேடத்துக்கு இளங்கோவனின் வயதில் பாதி இருக்கும். கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வந்தால்தான் மனிதன் வளர்வான் என்று குதித்துக் குதித்துச் சொல்வார். ஐம்பதைத் தாண்டியவன் இனி எந்தப் பக்கம் வளர்வது என்று கேட்க இளங்கோவனுக்கு ஆசை வந்தது, தைரியம் வரவில்லை.

இந்த வாரம் அவருக்குக் கொடுத்த வேலை, முன்பின் தெரியாதவர் கல்யாணத்தில் சாப்பிட்டு, கல்யாண வீட்டார் ஒருவரோடு செல்ஃபி எடுத்து வருவது. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் நகரின் மறுகோடியில் இருக்கும் கூகட்பள்ளிவரை வந்தார். பொய்யைத் தாய்மொழியில் சொல்வது சுலபம் என்பதால் தமிழ்க் கல்யாணமாகப் பார்த்து நுழைந்தார்.

பட்டுவேட்டிக்காரர் அவரை விடுவதாக இல்லை. தோளில் கைபோட்டு மாடிக்கு அழைத்துப்போய், முதல் பந்தியில் இடம் பிடித்து உட்காரவைத்து, பக்கத்து இலையில் தானும் உட்கார்ந்துகொண்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் மிச்சம் மீதியைச் சாப்பிடுவதைத்தான் இளங்கோவன் பார்த்திருக்கிறார். தனக்குத் துணையாக இருக்க வேண்டுமென்று இந்த மனிதர் முறையைக்கூட மாற்றிக்கொண்டாரே என்று நெகிழ்ந்துபோனார்.

மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தார். நல்ல இடத்தில்தான் என்று சொல்லிவிட்டு, சாருக்கு இன்னொரு ஜாங்கிரி போடு என்று பரிமாறுகிறவரை அதட்டினார் பட்டுவேட்டிக்காரர். அப்படியே இருவரும் தலையை ஒட்டவைத்து ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பெண்ணின் அத்தை லலிதா பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தார். இளங்கோவன் இலை முன்னால் நின்றவர், யாரென்று தெரியவில்லையே என்று இழுத்தார். இளங்கோவன் எடுத்த சாம்பார் சாதத்தை இலையிலேயே திரும்ப வைத்தார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள், அதை யாராவது வீடியோ எடுப்பார்கள், பொழுது சாய்வதற்குள் அது சுபேதார் போனுக்குப் போய்விடும். மகளின் வாழ்க்கையை ஒரு ஜாங்கிரிக்காகக் கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது.

"என்னம்மா இது, சாரையே தெரியலையா?" என்றார் பட்டுவேட்டிக்காரர், வருத்தமும் கண்டிப்புமாக.

அத்தை வெலவெலத்துப்போனார். வயசாகிவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு பேரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு, சாருக்கு இன்னும் கொஞ்சம் நெய் விடச் சொல்லி நகர்ந்தார்.

வந்த காரியம் முடிந்தது, கைகழுவிக்கொண்டு நழுவிவிடலாம். ஆனால் இளங்கோவனால் எழுந்திருக்க முடியவில்லை. தனக்காக வீட்டு மனுஷியையே அதட்டிய இந்த நல்லவரை ஏமாற்றிவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. பொய் சொல்லிச் சாப்பிட தைரியம் தேவையில்லை, பக்கத்தில் ஒரு பட்டுவேட்டி இருந்தால் போதும் என்பதும் புரிந்தது. இவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல முடிந்தால் சுபேதாரிடம் எதையும் சொல்லிவிடலாம்.

மோர் வருவதற்குள் சொல்லிவிட்டார்.

"சார், அடிக்கறதுன்னா அடிச்சிடுங்க. நான் பொண்ணு வீடும் இல்ல, மாப்பிள்ளை வீடும் இல்ல. கூச்சம் போறதுக்காக ரஞ்சனா மேடம் கிளாஸ்ல சேர்ந்திருக்கேன், சாயங்கால பேட்ச். அவங்கதான் இப்படி எங்கயாவது போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னாங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. இவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் உண்மை பேசியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கன்னத்தில் விழப்போகும் அறைக்குத் தயாராக இருந்தார்.

பட்டுவேட்டிக்காரர் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். இடமும் வலமும் பார்த்துவிட்டு, இளங்கோவனின் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்க சார், நான் காலை பேட்ச்."