புல்வெளிக்கு ஏறிய வண்டி

மஞ்சள் அங்கி போட்ட காவலாள் புல்வெளிப் பக்கம் கையைக் காட்டியதும், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு எழுந்து ஆடலாம் போலிருந்தது லயனலுக்கு.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை மாளிகை மைதானத்தில் வருஷத்துக்கு ஒருமுறை பழைய பந்தயக் கார்களின் கண்காட்சி. அசல் வண்டிகளுக்குக் கயிறு கட்டிய புல்வெளி. நகல் வண்டிகளுக்குத் தற்காலிகக் கழிப்பறைகளை ஒட்டிய சரளைத் தரை. போன வருஷம் வரை லயனல் சரளையில்தான் நின்றார். காற்றும் ஒவ்வொரு வருஷமும் பார்த்துப் பார்த்து அவர் பக்கமே அடித்தது.

இந்த வருஷம் புல்!

அது சும்மா கிடைத்துவிடவில்லை. வாங்கியபோது வண்டி கடுகு மஞ்சளில் இருந்தது. யாரோ ஒரு மனிதர் முப்பது வருஷத்துக்கு முன் தன் வீட்டுக் கொட்டகையில், பழைய குடும்பக் கார் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் கண்ணாடியிழை உடம்பை மாட்டிக் கட்டியது. பல கை மாறி லயனலிடம் வந்து சேர்ந்தது.

அதைப் பார்த்த அன்றே அவர் மனைவி பிரெண்டா, "குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டின மாதிரில்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மனுஷன் விடுவாரா? மஞ்சள் போய்க் கரும்பச்சை வந்தது. சக்கரம் மாறியது, இருக்கை மாறியது. புத்தம் புதுக் குரோமியக் கம்பிகளை இரும்பு நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கிழடாக்கினார். மரப்பலகையில் செய்திருந்த டேஷ்போர்டைப் பெயர்த்தெடுத்து, வருஷாவருஷம் நவம்பர் ஐந்தாம் தேதி ராத்திரி தெருக்காரர்கள் மூட்டும் கொண்டாட்டத் தீயில் வீசினார். நன்றாகத்தான் எரிந்தது.

ஆனால் நகலைக் காட்டிக்கொடுப்பது கண் இல்லை, காது. அசல் வண்டிக்கு அலுமினிய உடம்பு, தட்டினால் டங் என்னும். கண்ணாடியிழையோ டொக். புல்வெளிக்காரர்கள் உங்களுக்குக் கை கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியைத்தான் தட்டுவார்கள். அதுவும் முன்சக்கரத்துக்கு மேலே, எல்லோரும் ஒரே இடத்தில்.

அந்த இடத்துக்கு உள்பக்கம் ஒரு அலுமினியத் தகட்டை ஒட்டி வைத்திருந்தார் லயனல்.

பக்கத்து வண்டிக்காரர் ஜைல்ஸ், தேநீர்க் கோப்பையோடு வந்தார். அப்பா காலத்திலிருந்து அசல் வண்டி வைத்திருக்கும் குடும்பம். நேராக அந்த இடத்துக்கே போய் விரலை மடக்கித் தட்டினார்.

டங்.

"பிரமாதமா வெச்சிருக்கீங்க சார்," என்று லயனலின் தோளில் கையைப் போட்டார். அந்தக் கைக்காகத்தானே இத்தனை வருஷப் பாடு! லயனலுக்கு வாயெல்லாம் பல்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்து நின்றாள். எண்பது வயது இருக்கும். கையில் பூப்போட்ட துணிப்பை.

"தம்பி, கடுகு மஞ்சள்ல ஒரு நகல் வண்டி நிக்குதா பார்த்தீங்களா? எங்க வீட்டுக்காரர் சிரில் கட்டினது. எங்க சாப்பாட்டு மேசையை அறுத்துத்தான் அதுக்கு டேஷ்போர்டு பண்ணார். ஒரு மாசம் அந்த மனுஷனோட நான் பேசலை."

லயனலின் பல் உள்ளே போனது.

"அந்த வண்டியில கடைசியா இந்த மைதானத்தை ஒரு சுத்து சுத்தணும்னு சொல்லிட்டுப் போனார்." பையை மெல்லத் தட்டினாள். "சாம்பலை எடுத்துட்டு வந்திருக்கேன்."

ஒரே ஒரு சுற்று. 'இதுதாம்மா அது, ஏறுங்க' என்று சொல்லி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். லயனலுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஜைல்ஸ் தேநீரை உறிஞ்சியபடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாரே! வாயைத் திறந்தால் அடுத்த நிமிஷம் சரளைத் தரை. ஆயுசுக்கும் சரளைத் தரை.

"நகல் வண்டியெல்லாம் கழிப்பறைப் பக்கம்தாம்மா நிக்கும்," என்றார் லயனல்.

ஜைல்ஸ் சிரித்தார். லயனலும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த அம்மாள் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"உங்க வண்டி ரொம்ப அழகா இருக்குப்பா," என்றாள்.

நாலு பேர் பார்க்கட்டும் என்று லயனல் திறந்து போட்டிருந்த கதவு அவள் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினாள், இடுப்பால் ஒரு இடி இடித்தாள். கதவு படக்கென்று சாத்திக்கொண்டது.

அந்த வண்டியில் லயனல் எவ்வளவோ முயன்றும் சரிசெய்ய முடியாமல் விட்டது அந்தக் கதவின் கீல் ஒன்றைத்தான். தூக்கி இடிக்கும் அந்த வித்தை பிடிபட அவருக்கே ஒரு கோடைக்காலம் முழுக்க ஆனது. பிரெண்டாவுக்கு இன்றுவரை வரவில்லை.

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்துபோனாள்.

"கதவு என்ன ஜோரா சாத்துது பாருங்க," என்றார் ஜைல்ஸ். "அசல்னா அசல்தான் சார்."