மேஸ்திரியின் தொட்டி

"கொன்னுட்டா! அத்தனை குஞ்சையும் கொன்னுட்டா!"

நிபால்டோ மேஸ்திரி போட்ட சத்தம் டோங்கோய் சிப்பிப் பண்ணை முழுக்கக் கேட்டது. ஃபிரெசியா ஓடிவந்து தன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நேற்றுவரை நீந்திக்கொண்டிருந்த விசிறிச் சிப்பிக் குஞ்சுகள் அடியில் தூசியாகப் படிந்து கிடந்தன. பக்கத்தில், மேஸ்திரியின் தொட்டியில், எல்லாம் உயிரோடு சுழன்றுகொண்டிருந்தன.

அந்தக் கோடையில் ஏதோ நோய்க்கிருமி புகுந்து குஞ்சுகளை வாரிக்கொண்டு போனது. மேஸ்திரி மருந்துப் பொடியை நம்பினார். ஃபிரெசியா, அந்தக் கிருமியை அடக்கும் நல்ல பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்தாள். தேயிலைச் சாயம் போலிருக்கும் அந்தப் பழுப்புத் தண்ணீரைத் தினமும் தன் தொட்டியில் ஊற்றிவந்தாள். ஆளுக்கொரு தொட்டி, தோற்றவர் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று முதலாளியம்மா எல்பா சொல்லியிருந்தார்.

"கிருமியைக் கிருமியால விரட்டுறாளாம்! கிருமியில என்ன நல்லது, கெட்டது? டாக்டரம்மா, மூட்டையைக் கட்டுங்க."

சொல்லிவிட்டு மேஸ்திரி கோப்பையிலிருந்த போல்டோ இலைக் கஷாயத்தை உறிஞ்சினார். ஈரல் கெட்டதிலிருந்து அவர் வேறு எதையும் குடிப்பதில்லை.

ஃபிரெசியா, தப்பு எங்கே, அளவிலா, சூட்டிலா என்று தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் மேஸ்திரியின் சட்டைக் கையிலிருந்த பழுப்புக் கறை கண்ணில் பட்டது.

"அது என்ன கறை, மேஸ்திரி?"

"டீ சிந்திடுச்சு. தோத்த கழுதைக்குக் கேள்வி வேறயா?"

"போதும் நிபால்டோ," என்றார் சத்தம் கேட்டு வந்து நின்ற எல்பா. "ஃபிரெசியா, நீ கிளம்பும்மா."

ஃபிரெசியா கையுறையை மெதுவாகக் கழற்றினாள்.

"கிளம்புறேம்மா. தப்பு என்னுதுதான். நேத்துக் குடுவை மாறிப்போச்சு. அதுல இருந்தது நல்ல பாக்டீரியா இல்ல, சோதனைக்கு வெச்சிருந்த நோய்க்கிருமி. அது விழுந்த தொட்டியில இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு குஞ்சுகூட மிஞ்சாது."

"அதான் உன் தொட்டியில எதுவுமே மிஞ்சலையே," என்றார் எல்பா சலிப்போடு.

மேஸ்திரியின் கையிலிருந்த கோப்பை நழுவி, தரையில் விழுந்து உடைந்தது.

"அடிப்பாவி! அப்ப அதை ஊத்தின என் தொட்டியும் போச்சா?"