நகரபிதா சாகவேண்டிய இடம்

மக்கரோனிச் சங்கிலி என் கையிலேயே கரைந்துவிட்டது.

பரமட்டா ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரும்போது கொட்டிய மழைதான் காரணம். கடுதாசிப் பையைத் திறந்தால் உள்ளே பொன்நிறத்தில் ஒரு களி. இரண்டு பின்னேரம் இருந்து கோத்துப் பெயின்ற் அடித்தது எல்லாம் நாசமாகப் போயிற்று.

சங்கிலி இல்லாமல் லண்டன் நகரபிதா எப்படி வகுப்புக்குள் போவது?

நகரபிதா வேறு யாருமில்லை, என் புருஷன் சச்சிதானந்தன்தான். சரித்திர வாத்தியார். அவர் படிப்பிப்பதைப் பார்க்க இன்றைக்கு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். அவர் சரி என்றால் வேலை நிரந்தரம். வேலை நிலைத்தால்தான் எங்கள் விசா நிலைக்கும். இல்லாவிட்டால் சிட்னியை விட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் இருந்த வேலையையும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மனுசன்.

எங்கள் ஊர் என்றால் நோட்ஸ் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இங்கே எழுபத்தாறாம் ஆண்டில், பாடத்தை நடித்துக் காட்டினால்தான் நல்ல வாத்தியாராம். அதற்காக இவர் வால்டர் பெல்லிங் என்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். ட்யூடர் ராஜாக்கள் காலத்துக் கம்பளித்துணி வியாபாரி. ஏழையாக லண்டனுக்கு வந்து, கடை வைத்து, கடைசியில் மேயர் பதவிச் சங்கிலி போட்ட நகரபிதாவானவர்.

ஆன வருடமே வியர்வைக் காய்ச்சல் வந்து, அங்கியும் சங்கிலியுமாகச் சபையில் சுருண்டு விழுந்து செத்தும் போனவர்.

அந்தச் சாவுதான் நாடகத்தில் திறமான இடம். ஒரு மாதமாக எங்கள் ஹாலில் ஒவ்வொரு பின்னேரமும் செத்துப் பழகினார். தடாரென்று விழுவார். கீழ்வீட்டு வெள்ளைக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் கூரையை இடிப்பாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இப்போது வகுப்புக்கு வெளியே, நான் பழைய திரைச்சீலையில் தைத்துக் கொடுத்த சிவப்பு அங்கியோடு நின்றார். பையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். கலியாணத்தன்று ஏறியதிலிருந்து கழுத்தை விட்டு இறங்காத தாலிக்கொடியைக் கழற்றினேன். யாழ்ப்பாணத்து மொத்தமான தங்கக் கொடி. எந்த நகரபிதாவின் கழுத்துக்கும் காணும்.

"ராதா, உமக்கென்ன விசரா?"

"விசர்தான். குனியுங்கோ."

குனிந்தார். கலியாண வீட்டில் நடந்தது தலைகீழாக நடந்தது. கெட்டிமேளம் ஒன்றுதான் குறை. தாலி பிடரிப் பக்கம் போகிற மாதிரித் திருப்பி, அங்கிக் கழுத்துக்குள் மறைத்துவிட்டேன்.

மணி அடித்தது. உள்ளே போய் நான் பின்வரிசையில் ஒரு கதிரையில் ஒதுங்கினேன். முன்னால் இன்ஸ்பெக்டர், கால்மேல் கால் போட்டபடி.

மனுசன் நன்றாகத்தான் செய்தார். மேசையில் துணியை விரித்து முழம் போட்டு அளந்தார், பிள்ளைகள் சிரித்தார்கள். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குத் தானியம் கொடுத்தார். தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். வேலை கிடைத்தது என்றே நினைத்தேன்.

"அந்தக் கோடையில் லண்டனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது," என்று இவர் குரலைத் தாழ்த்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் என் தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாகப் போகிறார்.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. வெறுங்கழுத்து. நல்லூர்க் கந்தா, நான் என்ன வேலை செய்துவிட்டு இருக்கிறேன்! எழும்பி, நிப்பாட்டுங்கோ என்று கத்தவா? கத்தினால் வேலை போய்விடும். கத்தாவிட்டால்? அதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

இவர் நெற்றியைத் துடைத்தார். தள்ளாடினார். நெஞ்சைப் பிடிக்கப் போன கையில் கொடி அகப்பட்டது.

அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

ராகுகாலம், சகுனம் என்று நான் வாயைத் திறந்தாலே கேலி பண்ணுகிறவர். செவ்வாய்க்கிழமையில் பிளேன் ஏறவைத்து என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவர். விழப்போகிறார், கண்ணை மூடிக்கொள்வோம் என்று நினைத்தேன்.

விழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"காய்ச்சல் சுகமாகிவிட்டது. வால்டர் பெல்லிங் கனகாலம் நன்றாக வாழ்ந்தார்," என்று அறிவித்தார்.

சாவைப் பார்க்கக் காத்திருந்த பிள்ளைகள் ஏமாந்துபோய் முனகினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதிலென்ன வெட்கம்.

இன்ஸ்பெக்டர் மட்டும் தலையாட்டவில்லை. மெல்ல எழுந்தார்.

"மிஸ்டர் சச்சி, பெல்லிங் அந்தக் காய்ச்சலில் செத்துப்போனதாகத்தானே புத்தகத்தில் இருக்கிறது?"

ஒரு திகதி பிழையாகப் போனாலே அன்றைக்குச் சோறு இறங்காத மனுசன் இவர். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நேரம் போதவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். கொடியை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரின் முகத்தை நேரே பார்த்தார்.

"புத்தகம் பிழை, சேர்."

பெல்லிங்கைப் பற்றி இருப்பது ஒரேயொரு புத்தகம். எத்தனையோ நகரபிதாக்கள் இருக்க, இவர் பெல்லிங்கைத் தேர்ந்தெடுத்ததே அந்தப் புத்தகத்தை எழுதியவர் இந்த இன்ஸ்பெக்டர் என்பதால்தான்.