டீ டம்ளர் பக்கத்தில் ஒரு யானை

செஸ் ஆடும் அந்த இயந்திரம் எவ்வளவு பலமானது என்று அளக்கத்தான் செண்பகராமனை அழைத்திருந்தார்கள். நாட்டில் அவரை மிஞ்ச அன்று ஆள் கிடையாது. அவர் தோற்கத் தோற்க இயந்திரத்தின் பக்கம் இன்னும் பெரிய காயாக ஒன்றை எடுத்துவிட்டு ஆட வேண்டும். அவர் ஜெயிக்கும்போது எந்தக் காய் வெளியே இருக்கிறதோ, அதுதான் இருவருக்கும் உள்ள வித்தியாசம். சிப்பாயை எடுத்தார்கள், தோற்றார். குதிரையை எடுத்தார்கள், அப்போதும் தோற்றார். இப்போது யானை. திரையைப் பார்த்து இயந்திரத்துக்காகக் காய் நகர்த்தும் ரெபேக்கா அதைத் தூக்கி அவருடைய டீ டம்ளர் பக்கத்தில் வைத்திருந்தாள்.

ராணியை நேரே கடைசி வரிசைக்கு இறக்கினால் எதிர் ராஜாவுக்குப் போக்கிடமில்லை. அது கண்ணில் பட்டதும் அவர் பார்வை வெளியே நின்ற யானையின் மேல் போனது.

"சார், ஒரே மூவ்தான். ஜெயிச்சிட்டீங்க!" ரெபேக்காவுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"ஜெயிச்சா என்னன்னு எழுதுவீங்க?"

"வித்தியாசம் ஒரு யானைன்னுதான் சார்."

அவர் ராணியைத் தொடவில்லை. டம்ளர் பக்கத்தில் நின்ற யானையை எடுத்து, இயந்திரத்தின் கடைசி வரிசையில் அது இல்லாமல் காலியாகக் கிடந்த மூலையில் வைத்தார். விரலை எடுக்க மனம் வராமல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவும் செக்மேட்தானே? கேட்டுச் சொல்லும்மா." குரல் கெஞ்சியது.

ரெபேக்கா திரையில் யானையைச் சேர்த்துவிட்டுப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணில் படாதபடி திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.