சிவப்புப் பேனா போட்ட மார்க்

“மேடம், ஒரு நிமிஷம். நான் வந்து…”

“அப்புறம் பேசலாம் தம்பி. கொஞ்சம் தள்ளி உட்காருங்க.”

கடைசி பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரர் நகர்ந்து இடம் விட்டார். வந்து உட்கார்ந்தவர், புது விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அலுவலர். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் நுழைந்து மார்க் போடுவார். போடுவார் என்பதைவிடக் குறைப்பார் என்பதே பொருத்தம். பல்கலைக்கழகம் அவருக்கு வைத்த பெயர் ‘சிவப்புப் பேனா’. யாருடைய வகுப்பு என்று கேட்கவும் மாட்டார். அறை எண் போதும். பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

இன்றைக்கு வந்த காரணம் ஒரு புகார். “சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. வகுப்புல பாதி நாள் வாயே திறக்கறதில்லையாம். வேலை நிரந்தரமா, வீட்டுக்கு அனுப்பறதான்னு நீங்கதான் எழுதணும்” என்று துறைத்தலைவர் கையை விரித்திருந்தார்.

ஆனால் கரும்பலகை முன்னால் நின்ற இளம்பெண்ணோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

“பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு போர்டுல போட்டிருக்கு. நாம போய் நின்னா மட்டும் ஏன் பதினஞ்சு நிமிஷம் ஆகுது?”

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். சிவப்புப் பேனா மனதுக்குள் எண்ணினார். எட்டு விநாடி! புதிதாக வருகிறவர்கள் இரண்டு விநாடிகூடத் தாங்க மாட்டார்கள். கேள்வியையும் கேட்டு, பதிலையும் தாங்களே சொல்லித் தொலைப்பார்கள்.

“நம்ம ராசி அப்படி!” என்றது ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

“சரி, ராசின்னே வெச்சுக்குவோம். எல்லாருக்குமா ஒரே ராசி?”

அவ்வளவுதான், ஆளாளுக்கு வாதம் கிளம்பிவிட்டது. “ரெண்டு பஸ் ஒட்டிக்கிட்டு வருது, அப்புறம் நீளமா ஒரு இடைவெளி. நாம அந்த நீளத்துலதான் மாட்டிக்க வாய்ப்பு அதிகம்!” என்று ஒருத்தி கண்டுபிடித்தபோது சிவப்புப் பேனாவுக்கே கைதட்டத் தோன்றியது.

“ஆரம்பத்துலேருந்தே இவங்க இப்படித்தானா?” என்று பக்கத்தில் கிசுகிசுத்தார்.

கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது. “ஐயோ, முதல் தடவை பதட்டத்துல சாக்பீஸையே கீழ போட்டுட்டாங்க மேடம். இப்பப் பாருங்க! ஆனா, உங்ககிட்ட முக்கியமா ஒண்ணு…”

“உஷ்! பாடத்தைக் கவனிங்க.”

மணி அடித்தது. பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் முதல் முறையாக நூற்றுக்கு நூறு போட்டு, ‘பணி நிரந்தரம் செய்யலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார் சிவப்புப் பேனா. அவருக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. நேரே முன்னால் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிரமாதம்மா! இனிமே உங்க வேலை நிரந்தரம்.”

“வேலையா? நான் இங்க படிக்கிறவ மேடம், எங்க சார் எங்களையேதான் மாத்தி மாத்திப் பாடம் நடத்த வைப்பார்” என்று அந்தப் பெண் கடைசி பெஞ்சைக் காட்டினாள். “அவர் உங்க பக்கத்துலதானே இருந்தார்? நீங்கதான் அவரைப் பேசவே விடலை!”