பிக்கரிங்கிலிருந்து பீற்றர்

கரண்டியில் எடுத்த புட்டு வாய்க்குப் போகாமல் நின்றது.

கார் வானொலியில் ஒருவர் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசத் தொடங்கியிருந்தார். பெயர் பீற்றர் என்றார். பிக்கரிங்கிலிருந்து பேசுகிறாராம்.

பீற்றராவது, பிக்கரிங்காவது.

அது அவளுடைய கணவர். பக்கத்து ஊரான ஸ்காபரோவில், தங்கள் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு பேசுகிறார். இருபத்தேழு வருடமாக அந்தச் செருமலைக் கேட்டு வருகிறாள்.

வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் வாசலில் காரை நிறுத்தி, மதியச் சாப்பாட்டைத் திறந்திருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு உள்ளே போகவேண்டும்.

இந்த நேரத்தில் எப்போதும் ஐஸ் ஹொக்கி விவாதம்தான். எந்த மூன்று பேரை ஒரு வரிசையாக முன்னால் இறக்குவது, யாரை இடதில் விடுவது, யாரை வலதில் விடுவது. பயிற்சியாளரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் விடை தெரியும்.

இன்றைய பேச்செல்லாம் நாற்பத்தோராம் இலக்க வீரனைப் பற்றி. இரண்டு வருடம் நான்காம் வரிசையில் கிடந்தவன். இன்று மாலை முதல் தடவையாக, அணியின் சிறந்தவர்கள் இறங்கும் முதல் வரிசையில், கப்டனுக்கு இடப்பக்கத்தில் இறங்கப்போகிறான்.

நாற்பத்தொன்று ஆரூரன். அவள் பெற்ற பிள்ளை.

காலையில்தான் அவன் பெயருக்கு அருச்சனை செய்துவிட்டு வந்திருந்தாள்.

அவனை முதல் வரிசையில் போடுவது பெரிய பிழை என்றார் பீற்றர். மூன்றாம் வரிசைக்கு அனுப்பவேண்டுமாம். அதுவும் வலப்பக்கத்துக்கு.

நிகழ்ச்சி நடத்துபவர் வாய்விட்டுச் சிரித்தார். விளையாடப் பழகிய காலத்திலிருந்து இடப்பக்கம் விளையாடுகிறவனை வலப்பக்கம் விடுவதா என்று கேட்டார். பீற்றர் விடவில்லை. காரணம் கேட்டபோது மட்டும் தடுமாறினார். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

விடியற்காலை ஐந்து மணிப் பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கத்தோடு காரில் ஏற்றிக்கொண்டு போன மனிதர். அவரா இப்படி?

ஆனால் கோபத்தைவிட ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. கீழே இறக்கச் சொன்னது ஒருபக்கம் கிடக்கட்டும். ஏன் வலப்பக்கம்?

பக்கத்து இருக்கையின் நடுவில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தாள். அது கப்டன்.

பெட்டிக்கு இடதில் தன் கையுறையை வைத்தாள். அது ஆரூரன். முன்கண்ணாடிதான் எதிரணியின் கோல்.

அப்படி ஓடும்போது அவனுக்கு வலதில் முழுப் பனித்தளமும் கிடக்கிறது. பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு வருவதும் அங்கிருந்துதான். இடித்து விழுத்த வருகிறவர்களும் அங்கிருந்துதான் வருவார்கள்.

கையுறையை எடுத்துப் பெட்டிக்கு வலதில், கதவோரமாக வைத்தாள்.

இப்போது அவனுக்கு வலதில் கதவு மட்டும்தான். தளத்தில் என்றால் அது சுற்றுச்சுவர். முன்னால் ஓடும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரமுடியாது.

அந்தப் பக்கத்தைப் பார்க்கவேண்டிய தேவையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். சொதி வைக்கவில்லையா என்று கேட்டான். சொதிக் கிண்ணம் அவனுடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கணவர் சிரித்தாரா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒருவன் இடித்ததில் அவனுடைய தலைக்கவசம் கழன்று பறந்தது. ஒன்றுமில்லை என்று எழும்பி விளையாடினான்.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, அவனுக்கு வலக்கண் தெரியேல்லையோ?"

மறுமுனையில் அந்தச் செருமல் கேட்டது.

"ஓரத்தாலை வாறது தெரியுதில்லையாம். டொக்டரிட்டையும் கோச்சிட்டையும் சொல்லமாட்டன் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டான். இன்னொரு அடி விழுந்தா என்ன ஆகுமெண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. ரேடியோவிலை கதைக்கக்கூடாதெண்டு அவன் சொல்லேல்லைத்தானே?"

அவர் அழுவது கேட்டது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து வானொலி நிலையத்தின் இணைப்புக்காகக் காத்திருந்திருப்பார். இந்த மனிதர் மேல் இவ்வளவு அன்பு தனக்கு இருக்கிறது என்று அவளே இன்றுதான் கண்டாள்.

"உமக்கும் சொல்லவேண்டாமெண்டுதான் சொன்னவன்," என்றார்.

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. நான்தான் கண்டுபிடிச்சனான்," என்றாள் அவள். "நான் ஒருதருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்கேல்லை."

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

போட்டிப் பருவத் தொடக்கத்தில் வீரர்களின் குடும்பங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அணியின் மருத்துவருடைய இலக்கம் அதில் இருந்தது. அவள் அதைத் தன் தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தாள். ஒருநாளும் அழைத்ததில்லை.

இரண்டாவது மணியிலேயே மருத்துவர் எடுத்துவிட்டார்.

ஆரூரனின் அம்மா பேசுகிறேன் என்றாள்.

மருத்துவருக்கு அவ்வளவு சந்தோசம். முதல் வரிசை என்பது சும்மா கிடைக்கிற இடமில்லை, நீங்கள் எவ்வளவு பெருமைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள் என்றார். இன்று மாலை எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கப்போகிறீர்கள் என்றும் கேட்டார்.

அவர் வாழ்த்தி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.