இடது பக்கம் வயலின்

"ரெண்டையும் மாட்டிக் கேளுங்க மாப்ளே. எது உசத்தின்னு நீங்கதான் சொல்லணும்."

சத்தியநாதன் மேசைமேல் இரண்டு ஹெட்போன்களை எடுத்து வைத்தான். துபாயிலிருந்து வந்து இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை. டேப்ரிக்கார்டரில் காசெட் தயாராக இருந்தது.

சுவிசேஷமுத்து ஹெட்போன்களைத் தொடவில்லை. சத்தியநாதனின் தங்கை ஞானசெல்விக்கும் அவனுக்கும் கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்பது அதுதான் கடைசி. அதுவரை தன் இடது காது விஷயம் வெளியே வரக்கூடாது என்று இருந்தான். ஒன்பது வருச விசைத்தறிச் சத்தம் அந்தக் காதைத் தின்று தீர்த்திருந்தது. பனவடலிசத்திரத்தில் பார்த்த பெண் அதனால்தான் தட்டிப்போனாள். செவிட்டுப் பயலுக்கா எங்க பிள்ளை என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்கள்.

இப்போது சத்தியநாதன் தனியாக வரச்சொல்லி ஆள் விட்டிருக்கிறான். வந்து உட்கார்ந்ததும் காதில் மாட்டு என்கிறான். துபாய் போகுமுன் இதே சங்கரன்கோவிலில் ஆறு வருசம் தறி ஓட்டியவன். தறிக்காரன் காது எப்படிப் போகும் என்று இவனுக்கா தெரியாது? எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான்.

"எனக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்?"

"கல்யாணத்துக்கு ஒங்களுக்கு ஒண்ணு. மத்தது பாதுஷா பாய் கடையில விக்கக் குடுக்க. மட்டமானத ஒங்க தலையில கட்டிட்டேன்னு நாளைக்குப் பேச்சு வரப்படாதுல்லா."

"நீங்க கேட்டுப் பாக்கலியா?"

"நான் கேட்டு என்ன? வச்சிருக்கப் போறது நீங்கள்லா. மாட்டுங்க."

பிடி கொடுக்காமல் பேசுகிறான் என்று பட்டது. வேறு வழியில்லாமல் பெரியதை எடுத்து மாட்டினான். தோல் மெத்தை வைத்த கறுப்பு ஹெட்போன். காதை முழுசாக மூடி இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தது. வலது காதில் தபலா விழுந்தது. அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. இடது பக்கம் பாழுங்கிணறு மாதிரி கிடந்தது.

கழற்றியதும், "எப்படி?" என்றான் சத்தியநாதன்.

"கனம் மச்சான். நூல் மூட்டையத் தலையில ஏத்துன மாதிரி இருக்கு. அரை மணி நேரத்துல காது வேர்த்துரும். ஆனா அடி நல்லா எறங்குது."

சின்னதில் மெத்தை கிடையாது. காதுக்கு ஒரு பஞ்சு வட்டம்தான். மாட்டியதே தெரியவில்லை.

"இது சொகமா இருக்கு. மாட்டிக்கிட்டே தூங்கலாம். தபலாதான் தகரத்துல தட்டுன மாதிரி கேக்கு."

சத்தியநாதன் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திருடனை விசாரிக்கிற போலீஸ்காரன்கூட நடுவில் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுவான்.

"வயலின் எப்படி இருக்கு? நல்ல சாமான்ல எடது பக்கம் வயலின், வலது பக்கம் தபலான்னு தனித்தனியா விழுமாம். துபாய்க் கடைக்காரன் சொன்னான். எடது பக்கம் எதுல தெளிவு?"

வந்துவிட்டான் விஷயத்துக்கு.

சுவிசேஷமுத்து, "இன்னொருக்க கேக்கேன்" என்று பெரியதை எடுத்து, இடம் வலம் மாற்றி மாட்டினான். வலது காதில் வயலின் இழைந்து வந்தது. அப்பாடா என்று இருந்தது.

"ஏன் மாப்ளே திருப்பி மாட்டுதீய?"

"சும்மா... அப்படி மாட்டுனா கனம் கொறையுதான்னு பாத்தேன்."

"கொறையுதா?"

"கொறையல."

அடுப்படியிலிருந்து ஜெயபாய், "ஏலே சத்தியா, காப்பிய எடுத்துட்டுப் போ" என்று மகனை இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் திரும்பவே இல்லை. பெற்றவள் கூப்பிடுவதைக்கூட விட்டுவிட்டு அப்படி என்ன வேவு? கடைசியில் அவளே கொண்டுவந்து டம்ளர்களை ணங்கென்று வைத்தாள்.

"துபாய்க்குப் போயிட்டு வந்ததுல இருந்து இப்படித்தான் மருமகனே. பத்துத் தடவ கூப்பிட்டாத்தான் தொர திரும்புவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சுவிசேஷமுத்து சிரித்தான். அதைப் பார்த்துச் சத்தியநாதனும் சிரித்துவைத்தான். பிறகு மறுபடியும், "சொல்லுங்க, எடது பக்கம் எப்படி?" என்றான்.

தெளிவாக இருக்கிறது என்று சொல்லி இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் நாளைக்கு ஞானசெல்வி இடது பக்கம் நின்று கூப்பிட்டால்? வாழ்நாள் முழுக்க அவளைத் தன் வலது பக்கமாகவே உட்காரவைக்க முடியுமா? ஓலை நின்றால் நிற்கட்டும்.

அத்தை காதில் விழுந்துவிடக் கூடாதே என்று அடுப்படியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான். ஓடுகிற தறிகளுக்கு நடுவே யாரும் குரல் கொடுத்துப் பேசுவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரே நிற்பவன் பார்த்துப் புரிந்துகொள்வான். பதற்றத்தில் அவனுக்கு அந்தப் பழக்கம்தான் வந்தது.

"எனக்கு எடது காது கேக்காது மச்சான். தறியில போச்சு. மறைச்சது தப்புதான்."

சொல்லி முடித்த பிறகுதான், குரலே வெளியே வரவில்லை என்பது உறைத்தது. நல்லதாகப் போயிற்று. நாலு வருசம் துபாயில் கிடந்தவனுக்குத் தறிக்காரப் பேச்சு மறந்திருக்கும்.

சத்தியநாதன் எட்டி டேப்ரிக்கார்டரை நிறுத்தினான். அவனும் அடுப்படியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு அவனுடைய உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஒங்களுக்கு ஒண்ணாவது மிச்சம் இருக்கு மாப்ளே. எனக்குப் பாறை ஒடைக்கிற மெஷின்ல ரெண்டுமே போச்சு, அம்மைக்குக்கூடத் தெரியாது. அதான் எது நல்லாப் பாடுதுன்னு ஒங்களக் கேட்டேன்."